சூட்டில் எடுக்காது

வந்தவர் கைகுலுக்கவில்லை.
சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார்,
பழைய ஸ்பீக்கரில் கழற்றியது.
கைக்குட்டையில் சுற்றி வண்டியின் விலாவில் வைத்தார்.
ஒட்டியது.
ஒரு சாண் தள்ளி வைத்தார். ஒட்டியது.
கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, கூரை ஓரம்.
இடது பின்மூலைக்குப் போகுமுன் நானே சொல்லிவிட்டேன்:
"அங்க ஒட்டாது சார். பட்டி.
உள்ளங்கை அகலம்தான்.
தகரம் வைக்கச் சொன்னேன்,
பத்த வச்சா பிச்சுக்கும்னுட்டான் அந்தோணிராஜ்."
அவர் அங்கும் வைத்துப் பார்த்தார்.
காந்தம் நழுவி விழுந்தது.
அதற்குப் பிறகுதான் பெயரைச் சொன்னார்:
பூவராகன், பெருந்துறையிலிருந்து.

ஸ்டாண்டர்டு ட்வென்டி, எழுபத்து நாலு.
மன்னார்குடியில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்
மூன்று வருடம் எட்டு மாதம்.
ஏழு அடுக்கு பெயின்ட் சுரண்டினேன்.
மூன்றாவதில் "…மகள் ஐஸ் கம்…" என்று
பாதிப் பெயர் வந்தது.
ஐந்தாவதில் ஒரு சிவப்புச் சிலுவை.
தரைத் தகரத்தைப் பெயர்த்தபோது
எலி சேர்த்த நெல், இரண்டு படி இருக்கும்,
அடைமழை ஈரத்தில் அங்கேயே முளைவிட்டிருந்தது.
"என்ன ரகம்?" என்றார்.
முளையைப் பார்த்து ரகம் சொல்ல
நான் ஜெராக்ஸ்காரன்.

ஏன் விற்கிறீர்கள்?
கடை வாடகை ஏறிப்போச்சு என்றேன்.
கொஞ்சம் கழித்து, நிறுத்த இடமில்லை என்றேன்.
டீ குடிக்கும்போது, முதுகுவலி.
மூன்றையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

காலையில் ஒரே திருகலில் எடுக்கும். எடுத்தது.
இரண்டு சீட்டுக்கும் நடுவில் எஞ்சின்,
என் முழங்கை வெந்தது.
பாமணியாற்றுப் பாலம் தாண்டியதும்
சாலையில் பாதியை அடைத்து
குறுவை நெல் காயப்போட்டிருந்தார்கள்.
மணிமேல் ஒரு சக்கரமும் ஏறாமல் ஓட்டினார்.
பாதி விலை அங்கேயே படிந்துவிட்டது, எனக்குள்.

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
"ஆஃப் பண்ணிடட்டுமா?"

நான் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.
சூட்டில் எடுக்காது.
பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகிப் போகும்.
ஒரு மணி நேரம் ஆறவேண்டும்.
"வேணாம் சார், இப்ப தொறந்துடுவான்."
வேர்க்கடலை விற்றவள் சிரித்தாள்.
அவர் சாவியைத் திருப்பிவிட்டார்.

நெல் ஏற்றிய சரக்கு ரயில்
எஞ்சினை முன்னிருந்து பின்னுக்கு மாற்றிக்கொண்டு
முப்பத்தைந்து நிமிடம் படுத்துக் கிடந்தது.
அத்தனை நேரம் ஒருவன் எத்தனை கடலை தின்பான்?
சொன்னேன்:
"முடிஞ்சிடுச்சு சார். அதான் விக்கிறேன்.
காலைல எழுந்தா அதுல செய்ய ஒண்ணுமில்ல.
தொடைக்கலாம். தொடைச்சதையே தொடைக்கலாம்."

பூவராகன் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்:
"எங்கிட்ட அஞ்சு நிக்குதுங்க.
முடிச்சது ஒண்ணுதான்.
அதை வித்த காசுலதான் இதை வாங்க வந்தேன்."

கேட் திறந்தது.
திருகினார். இருமியது, பிடிக்கவில்லை.
பின்னால் மினிபஸ், அதன் பின்னால்
அறுவடை மெஷின், அவ்வளவு பேரின் ஹாரனும்
என் பிடரியில்.
நான் வாயைத் திறப்பதற்குள்
அவர் மூடியைத் தூக்கி
பையிலிருந்து ஒரு ஈரத்துணி எடுத்தார்.
பிளாஸ்டிக் கவரில் மடித்து,
ஊரிலேயே நனைத்து எடுத்துவந்தது.
காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல்
பம்ப்பின்மேல் போட்டார்.
உஸ்ஸென்றது.

"எல்லா ட்வென்டியும் இப்படித்தானுங்க.
நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

"ஐயாயிரம் கொறைச்சுக்குங்க சார்."

"பட்டியச் சொன்னீங்கள்ல.
அதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சு."

எடுத்தது.
தண்டவாளம் தாண்டி டீக்கடை பெஞ்சில்
கையெழுத்து, ஆர்சி புத்தகம், இரண்டு சாவி.
துணியைத் திரும்ப நனைத்துக்கொண்டு
தஞ்சாவூர்ப் பக்கம் போனார்.
நான் பஸ்ஸில் வந்தேன், நின்றுகொண்டு.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கரூரிலிருந்து போன்.
வண்டிக்கு ஒன்றுமில்லை, நன்றாக வருகிறது.
ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேனுங்க,
அந்த நெல்லை என்ன பண்ணீங்க?

கோழி தின்னுடுச்சு சார், என்றேன்.

சரிங்க, என்று வைத்துவிட்டார்.